முதல் விநாடி

மூக்கில் கிளிப் மாட்டினாள்.
அட்டைக் குழாயை உதட்டால் இறுக்கச் சொன்னாள் தௌலத்.
"இழுங்க, நல்லா இழுங்க… இப்ப ஊதுங்க!
ஊதுங்க ஊதுங்க, விடாதீங்க, இன்னும் இன்னும் இன்னும்…"
வெளியே பெஞ்சில் இருந்தவர்களும்
என்னோடு சேர்ந்து வாயைக் குவித்தார்கள்.

ஊதுவது எனக்குப் புதிதா?
கரி யார்டில் இருபத்திரண்டு வருஷம் விசில்காரன்.
கிரேன் வாயைத் திறக்கும் முன்
நீளமாக ஒரு ஊதல்.
முதல் விநாடியில் நகர்ந்தவன்
ராத்திரி வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றான்.
நகராத ஒருத்தனை எனக்குத் தெரியும்.
அவனைப் பற்றி இங்கே வேண்டாம்.

"மொத விநாடியில எவ்ளோ வருதுன்னுதான் பாக்கணும்"
என்கிறாள் தௌலத்.
அது சரி.

ஊதுவதற்கு முன்பே மிஷினுக்கு
என்னைச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.
வயசு ஐம்பத்தி நாலு. உயரம் நூற்று அறுபத்தி மூணு. ஆண்.
பிறகு ஒரு பொத்தான்: இந்தியர்.
அது எதுக்கும்மா என்றேன்.
"நம்ம ஆளுங்களுக்கு நுரையீரல் கொஞ்சம் சின்னதுன்னு
அதுக்குச் சொல்லி வெச்சிருக்காங்க."
ஆக, நான் தொலைத்ததில் ஒரு பங்கு
என்னிடம் இருந்ததே இல்லை.
கம்பெனிக்கு அந்த மட்டில் மிச்சம்.

மூணு ஊதல் ஒத்துப்போகணும்.
ஒன்று பெரிசாக, ஒன்று சிறிசாக வந்தால்
ஆள் நடிக்கிறான் என்று அர்த்தம்.
நடுவில் இருமினால் செல்லாது.
இரண்டாவதில் இருமினேன்.
நாலாவதில் கண் இருட்டியது.
எனக்குப் பதிலாகத் தௌலத்தே
கழுத்து நரம்பு புடைக்க ஊதிக் காட்டினாள்.
அந்த மூச்சை யாராவது என் கணக்கில் எழுதினால்
எனக்கு ஒரு ரூபாய் கிடைக்காது.

மெடிக்கல் போர்டு இரண்டாம் மாடியில்.
லிஃப்டில் பழைய கட்டில் அடைத்திருந்தார்கள்.
பதினெட்டாவது படியில் நான் உட்கார்ந்தது
எந்தக் காகிதத்திலும் இல்லை.

பீடி உண்டா?
உண்டு சார், கல்யாணத்துக்கு முன்னாடி நாலு வருஷம்.
அதைக் கொட்டை எழுத்தில் எழுதினார்.
கரி என்றேன்.
ஆதாரம் என்றார்.
காண்ட்ராக்டர் மூணு தடவை பேர் மாத்தினான்.
கடைசிப் பேரில் நான் வேலை பார்த்தது பதினோரு மாசம்.
முகத்தில் கட்டின துண்டைக் காட்டலாமென்றால்
டெல்பின் அதைத் துவைத்துவிட்டாள்,
இருபத்திரண்டு வருஷமும், தினமும்.

தாளில் ஐம்பத்தி மூணு சதவீதம் என்றிருந்தது.
மிச்ச நாற்பத்தி ஏழு எங்கே போச்சு,
யார் வீட்டு விளக்கில் எரிஞ்சுது
என்று கேட்க அங்கே நாற்காலி இல்லை.
"ரெண்டு ஊதல்தான் ஒத்துப்போகுது.
வியாழக்கிழமை மறுபடி எடுத்துட்டு வாங்க.
முந்தின ராத்திரியிலிருந்து பம்ப் அடிக்கக் கூடாது,
மருந்தில்லாம எவ்ளோன்னு தெரியணும்."

இன்று புதன்.
எர்ணாவூரில் ஓர் இலை அசையவில்லை.
பம்பை முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாள் டெல்பின்,
எனக்குத் தெரியாதென்று நினைப்பு.
ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.
கரி வண்டி ஒன்று போகிறது. பெட்டிகளை எண்ணுகிறேன்,
முப்பதுக்கு மேல் முடியவில்லை.
நெஞ்சுக்குள் ஒருத்தன்
சன்னமாக விசில் அடிக்கிறான்.
நகரு நகரு என்கிறான்.
எங்கே நகர?

"ரெண்டு மணி ஆச்சு. ஒரே ஒரு தடவை அடிச்சிடேன்."
வேண்டாமென்று கையை ஆட்டினேன்.
இந்த இழுப்பை
விடியும்வரை சிந்தாமல் வைத்திருக்கணும்.
கூட்ட பஸ்ஸில் யார் முழங்கையும் இடிக்காமல்
ஸ்டான்லிவரை கொண்டுபோகணும்.