நடுத்துண்டு

எங்கள் பகுதிக்குப் பத்து முதல் பன்னிரண்டரை.
கீழே ஜெனரேட்டர் இருமி, இருமி, பிடித்துக்கொள்கிறது.
டர்பனில் இன்னொரு இரவுப் பணி.
அனலைசருக்கு மேலே
யாரோ ஒட்டிவிட்டுப் போன படம்:
கணையத்தின் ஒரு செல், இருபதாயிரம் மடங்கு.
யாருடைய கணையம் என்று எழுதவில்லை.

மூலப்பிரதி உட்கருவை விட்டு வராது.
நகல்தான் வரும்.
ரைபோசோம் அதை எழுத்துக் கூட்டிப் படிக்கும்,
மும்மூன்று எழுத்தாக,
சனிக்கிழமை வகுப்பில் நான் தமிழ் படித்த
வேகத்தில் அல்ல:
நொடிக்கு ஐந்தாறு.

பிறக்கும் சங்கிலியின் தலைப்பில் ஒரு சீட்டு.
அதைக் காட்டினால்தான்
எண்டோபிளாச வலைக்குள் அனுமதி.
நுழைந்ததும் சீட்டை நறுக்கிவிடுவார்கள்.
துறைமுகத்தில் முனுசாமியாக இறங்கியவர்
பேரேட்டில் மூன்சாமி.
என் கழுத்து அட்டையிலும் மூன்சாமிதான்.
வலித்ததாக ஞாபகமில்லை.

உள்ளே மடிப்பு வேலை,
மூன்று இடத்தில் கந்தகப் பொத்தான்.
கோணலாய் மடிந்தால் இன்னொரு வாய்ப்பு உண்டு.
அதற்கும் மசியாததை
வெளியே இழுத்துப்போட்டுத் துண்டுதுண்டாக்கி
அமினோ அமிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள்.
இரக்கம் கிடையாது. வீணடிப்பும் கிடையாது.

நொம்புஸோ தேநீரோடு வந்து
கோல்கியைக் காட்டி, சாக்கு அடுக்கு என்கிறாள்.
எனக்கு அது மழையில் ஊறிய
டெலிபோன் டைரக்டரி.
அங்கிருந்துதான் பைகள் கிளம்புகின்றன,
வெள்ளை வளையத்துக்குள் கறுப்புப் பொட்டு.
போகிற வழியில் சங்கிலியின் நடு
வெட்டுப்படுகிறது.
இரு முனையும் பொத்தான்களில் தொங்கி
இன்சுலின் ஆகின்றன.

நடுத்துண்டை வெகுநாள் குப்பை என்றார்கள்.
சி-பெப்டைடு.
அதை அளப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
ஊசியில் ஏற்றும் இன்சுலினில் அது இருக்காது,
உடம்பே செய்தால்தான் உண்டு.

டோங்காட்டிலிருந்து இருபத்திரண்டு குழாய்கள்.
இன்னும் கரும்பு நிற்கிற ஊர்.
பதினேழாவது குழாயில்
என் தம்பி குபேந்திரன்.

பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஆறு.

மறுபடி ஓட்டுகிறேன்.
அதே எண்.
டாக்டர்தான் சொல்ல வேண்டும், நான் சொல்லக் கூடாது.
நொம்புஸோவிடமும் சொல்லவில்லை.
பன்னிரண்டே முக்காலுக்கு மின்சாரம் வருகிறது;
ஜெனரேட்டர் நிற்க, அறை திடீரென்று பெரிதாகிறது.

ஆறு.
வெறும் பூஜ்யம் அல்ல.
டோங்காட்டில் இந்நேரம்
வாய் திறந்து தூங்குகிறவனுக்குள்
எங்கோ சில செல்கள்
இன்னும் எழுத்துக் கூட்டுகின்றன.

பதினெட்டாவது குழாயை எடுக்கிறேன்.