மூன்று பகல், இரண்டு இரவு

பெட்ரோல் பங்க்கில் ஒன்று,
ஜவுளிக்கடைக் குலுக்கலில் ஒன்று,
மூன்றாவது எப்படி வந்ததென்றே தெரியாது.
மூன்று உறையிலும் எங்கள் பெயர்
மூன்று விதமாகத் தப்பாக இருந்தது.

மகிமாவின் பழைய கணக்கு நோட்டில்
கடைசிப் பக்கத்தைக் கட்டம் போட்டேன்.
நீலத்துறை கிளப்: மூணாறு. வரி தனி.
பாம் க்ரெஸ்ட்: கோவா. வரி சேர்த்து, சாப்பாடு தனி,
சாப்பாடு வேண்டாமென்றாலும் சாப்பாடு தனி.
ராயல் ஏழுநாள்: ஏற்காடு.
வரி இல்லை.
பொங்கல், தீபாவளி, மே மாதம், சனி, ஞாயிறு
இவையும் இல்லை.
நேரில் போனால் ஒன்றில் குக்கர், ஒன்றில் டின்னர் செட்,
ஒன்றில் சக்கரம் வைத்த பெட்டி.
கூட்டிக் கழித்துப் பார்த்ததில்
பெட்டிதான் மிஞ்சியது.

"கையெழுத்து மட்டும் போட்டுடக் கூடாது"
என்றார் தனகோடி.
தன் கையையே நம்பாத மனுஷன்,
படிக்கிற கண்ணாடியை ஃப்ரிட்ஜ் மேல்
வைத்துவிட்டு வந்தார்.

மஞ்சக்குப்பத்தில் ஏறி, பெண்ணையாறு தாண்டி,
முள்ளோடையில் பாதி பஸ் அவசரமாக இறங்கியதில்
இரண்டு பேருக்கும் உட்கார இடம் கிடைத்தது.

புதுச்சேரியில்
கடலுக்கு முதுகு காட்டி நின்றது ஹோட்டல்.
தொண்ணூறு நிமிஷம், தம்பதியாக, ஏ.சி.யில்.
சட்டையில் லூர்துநாதன் என்றிருந்தது,
லூயி என்று கூப்பிடச் சொன்னான்.

"ஐம்பத்திரண்டு வாரத்துல ஒரு வாரம்
உங்களுக்கே சொந்தம்க்கா,
இருபத்தஞ்சு வருஷத்துக்கு."
எந்த வாரத்தைக் கேட்கலாம் என்று
உண்மையாகவே யோசித்தேன்.
துணி மடிக்காத வாரம் ஒன்று
எங்கோ நடுவில் இருக்கும்.

மயில் பருவம் ஐந்து லட்சம்.
கிளிப் பருவம் மூன்றரை.
எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு
கொக்குப் பருவத்துக்கு வந்தான்:
நவம்பர். யாரும் வராத மாதம்.
அதனால்தான் இந்த விலை.

நவம்பரில் எங்களுக்கு ஏற்கெனவே இடம் உண்டு, தம்பி.
கெடிலம் தெருவுக்குள் வந்தால்
நகராட்சிப் பள்ளி, ஆறாம் வகுப்பு 'ஆ' பிரிவு.
மூன்று பகல், இரண்டு இரவு.
சில வருஷம் ஓர் இரவு கூடுதல்.
சாம்பார் சாதம் உட்பட.
வருமானச் சான்று கேட்பதில்லை,
தம்பதியாக வரவேண்டும் என்றும் இல்லை.
பக்கத்துப் பாயில் படுத்தவள்
விடியும்வரை தன் பீரோவைப் பற்றியே பேசினாள்.

இதையெல்லாம் சொல்லவில்லை.
டீயில் பிஸ்கட்டை நனைத்தேன்.
தட்டை நகர்த்தியபோது
அவன் கண்ணும் கூடவே நகர்ந்தது.
மதியம் சாப்பிட்டிருக்க மாட்டான்.

"கண்ணாடி கொண்டுவரலையே" என்றார் இவர், வெற்றியோடு.
லூயி மேஜை டிராயரை இழுத்தான்:
ஒன்று, ஒன்றரை, இரண்டு, இரண்டரை,
வரிசையாகக் கண்ணாடிகள்.
"உங்க பவர் என்ன சார்?"

மாட்டிக்கொண்டவர் படிக்க ஆரம்பித்தார்.
நான்கு பக்கம். அடியில் இருந்த எறும்பெழுத்தும்.
கல்யாணப் பத்திரிகையைக்கூட
இவ்வளவு பொறுமையாகப் படித்ததில்லை.
"பராமரிப்புக் கட்டணம்
அவ்வப்போது நிர்ணயிக்கப்படும்...
அவ்வப்போதுன்னா?"
"அவ்வப்போதுதான் சார்."
மேனேஜர் வந்தார். மேனேஜருக்கு மேனேஜர் வந்தார்.
மூன்றரை இரண்டே முக்கால் ஆகி,
இன்று மட்டும் ஒன்று தொண்ணூறு ஆனது.
இவர் மூன்றாம் பக்கத்துக்குத் திரும்பப் போனார்.
தொண்ணூறு நிமிஷம் மூன்று மணி நேரம் கடந்ததும்
அவர்களே எழுந்துகொண்டார்கள்.

பெட்டியைக் கொடுத்தபோது
கைப்பிடியை இழுத்துக் காட்டினான் லூயி.
இரண்டாவது முறைதான் வந்தது.

திரும்பும் பஸ்ஸில் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார் கண்டக்டர்.
"காலிப் பெட்டிங்க."
"காலின்னு எழுத
டிக்கெட்ல இடமில்லம்மா."
"பன்னிரண்டு ரூபாய்" என்று
அதை வாங்கி உரக்கப் படித்தார் இவர்.

அப்போதுதான் பார்த்தேன்,
மூக்கின்மேல் இன்னும்
லூயியின் கண்ணாடி.
அவரும் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

கிருமாம்பாக்கம் வரை
இருவரும் எதுவும் பேசவில்லை.