ஒழுகாத நாளில் எடுத்த படம்

யங்ஸ்டவுன் டயாலிசிஸ் கூடத்தில்
சுவருக்கு ஒரே ஒரு டிவி.
ரிமோட் நர்ஸ் லூர்டெஸின் சட்டைப்பையில்.
வியாழன் நாலு மணி என்றால் அந்த நிகழ்ச்சிதான்,
மறுஒளிபரப்பு,
வேறு எது கேட்டும் பயனில்லை.

பதினொரு பேர் கிடக்கிறோம்.
ரத்தம் ஒரு குழாயில் போய்
இன்னொரு குழாயில் திரும்புவதற்குள்
யாரோ ஒருவருடைய வீட்டை இடித்து
ஏழு நாளில் கட்டி முடித்துவிடுகிறார்கள்.

இன்றைக்கு அயோவா பக்கம் ஒரு குடும்பம்.
அப்பா கிடங்கு வேலையில் முதுகு போனவர்.
அம்மா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள்.
நான்கு பிள்ளைகள், ஒரு படுக்கையறை,
குளியலறைத் தரையில் ஓட்டை,
அதன்மேல் ஒரு ஒட்டுப்பலகை.
கேமரா அந்தப் பலகையை
மெதுவாக, மிக மெதுவாகப் பார்க்கிறது.

மூன்றாம் நாற்காலி ஓட்டோ ஹ்ரூஸ்கா
அதற்குள் மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிட்டார்.
எஃகு ஆலையில் முப்பது வருஷம்.
மனைவியை அடக்கம் செய்தபோது கூட
கண் கலங்கவில்லை என்று அவரே சொன்னார்,
பெருமையாக இல்லை.
பக்கத்தில் மர்லீட்டா,
"இதுக்கெல்லாம் சொத்து வரி யார் கட்டுவாங்க?" என்கிறாள்.
ஒவ்வொரு வாரமும் இதே கேள்வி,
ஒவ்வொரு வாரமும் டிஷ்யூ பெட்டிக்கு
முதலில் கை நீட்டுவதும் அவள்தான்.

நான் அழுவதில்லை.
நானும் விண்ணப்பம் போட்டவள்.

மூன்று நிமிஷ வீடியோ கேட்டிருந்தார்கள்.
அக்கா மகன் டேவியன் போனோடு வந்த அன்று பார்த்து
வானம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது.
அக்டோபர் முழுக்கப் பெய்த மழை
அந்த ஒரு சனிக்கிழமை இல்லை.
ஒழுகாத கூரையை எப்படிக் காட்டுவது?
பரணில் ஏறி
ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினேன்,
வழக்கமாக ஒழுகும் அதே இடத்தில்.
ஃபிஸ்டுலா போட்ட கையால் பாரம் தூக்கக் கூடாது.
தூக்கினேன்.
கீழே ஓடிவந்து
முகத்தைச் சரியாக வைத்துக்கொண்டு நின்றேன்.
சொட்டியது.
ஒழுகல் நிஜம்தான்,
மழைதான் பொய்.
டேவியன் சிரித்துவிட்டான், மறுபடி எடுக்கவேண்டியதாயிற்று.
அதற்கு இன்னொரு வாளி.

பிறகு போனில் ஒரு பெண், இனிமையான குரல்.
"உங்க கதை எங்களை ரொம்பத் தொட்டது" என்றாள்.
பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டாள்.
இல்லை என்றேன்.
கொஞ்ச நேரம் தட்டச்சுச் சத்தம்.
அவ்வளவுதான்.

டிவியில் இப்போது பெரிய நீலத் துணியை இழுக்கிறார்கள்.
ஊரே கூவுகிறது.
அம்மா வாயைப் பொத்திக்கொண்டு மண்டியிடுகிறாள்.
அப்பாவுக்கு மண்டியிட வராது;
நின்றபடியே குனிவது போல ஏதோ செய்கிறார்.
ஓட்டோ இப்போது சத்தமாகவே அழுகிறார்.
ஏழாம் நாற்காலிக்காரர் தூங்குகிறார்.

அறை அறையாகக் காட்டுகிறார்கள்.
ராக்கெட் கட்டில், தீவு வைத்த சமையலறை,
குளியலறையில் பால்வெள்ளை ஓடு.
கடைசிப் பையன், ஏழு வயசிருக்கும்,
உள்ளே ஓடுகிறான்.
பழைய ஓட்டை இருந்த இடம் வந்ததும்
காலை அகட்டி
ஒரு தாவு.
தாண்டிவிட்டுப் பேசினைத் தொட்டுப் பார்க்கிறான்.
யாரும் சொல்லிச் செய்ததில்லை.
கேமரா தொகுப்பாளரின் பல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது;
அவன் ஓரத்தில் அகப்பட்டான்.

என் மெஷின் அலறியது.
லூர்டெஸ் ஓடி வந்து குழாயை நேராக்கி,
"கையை அசைச்சீங்களா, வெர்னீஸ்?" என்றாள்.
அசைத்திருப்பேன்.
கண்ணுக்குப் போக வேண்டுமென்றால்
ஊசி குத்திய கைதானா போகவேண்டும்.
ஓட்டோ ஒரு டிஷ்யூவை நீட்டினார்.
அவரும் கட்டுண்டவர், நானும் கட்டுண்டவள்,
அது நடுவில் தரையில் விழுந்தது.
கூட்டிப் பெருக்குகிறவர் வரும்வரை அங்கேயே கிடந்தது.

ஆறரைக்கு வெளியே வந்தால் மழை.
பஸ் வர இன்னும் இருபது நிமிஷம்.
வீட்டு மாடிப்படியில், மூன்றாம் படியில்,
அந்த வாளி இருக்கிறது.
விளக்குப் போடாமல் ஏறினாலும்
ஒருநாளும் நான் அதை இடறியதில்லை.

இன்றைக்கு அருமையாக ஒழுகும்.