மூன்று சாவி

குத்தாயிசி நகரில்
ரியோனி ஆறு பாறைகளோடு வாதிடும் இடத்துக்கு மேலே
பொத்தான் செய்த ஆலை ஒன்று.
பொத்தான் நின்று இருபத்தொன்பது வருஷம்.
இருநூற்றுப் பன்னிரண்டு சதுர மீட்டர்,
ஆறு ஜன்னல், நான்கு தூண்,
சாவி மூன்று.

ஒன்று ஏதெரியிடம்.
ஹின்காலிக்குப் பத்தொன்பது மடிப்பு,
பதினெட்டு என்றால் திருப்பி அனுப்புவாள்,
தானே பிடித்ததானாலும்.
நெருப்பும் வடிகாலும் கேட்டாள்,
எதிரில் இருப்பவர் முகம் தெரிய
கொஞ்சம் வெளிச்சம்.

கேத்தோ மேசைகளை வாடகைக்கு விடுபவள்,
படக்கதை வரைகிறவர்களுக்கும்
எழுத்துரு செய்கிற இரண்டு பேருக்கும்.
ஐந்நூறு லக்ஸ் வேண்டும், அமைதி வேண்டும்.
ஆறு ஜன்னலும் எனக்கே என்றாள்.

நுக்ஸார் ஜன்னலே வேண்டாம் என்றார்.
காகிதத்தில் தீட்டிய நீலம்
ஐம்பது லக்ஸுக்கு மேல் தாங்காதாம்.
சமையலறை ஆவியில் ஒரு வாரம் கிடந்தால்
ஓவியம் நமத்த அப்பளம்.

நான் வரைகிறவள்.
ஐம்பதில் ஒன்று என்கிற அளவில்
மனிதர் மூன்றரை சென்டிமீட்டர்.
மூவரையும் அட்டையில் வெட்டி நிறுத்தினேன்.
அட்டையிலும்
முதுகைக் காட்டிக்கொண்டே நின்றார்கள்.

முதல் வரைபடத்தில் இரண்டு சுவர், மூன்று பெட்டி.
எல்லோருக்கும் பிடித்தது.
எனக்குத்தான் அதைப் பார்க்கப் பார்க்க
மூன்று பேர் ஒரே லிஃப்டில்
எண்களையே பார்த்தபடி நிற்பது போல் இருந்தது.
இரண்டாவதில் சுவரை அழித்தேன்.
வெங்காயம் வதங்கும் சத்தத்தில்
ஓர் எழுத்தின் வாலை எப்படி வளைப்பது
என்று கேத்தோ கேட்டாள்.
நியாயம்தான்.

அப்புறம் மல்ஹாஸ் தரைப்பலகையைப் பெயர்த்தான்.
கீழே பொத்தான்கள்.
இடுக்கு வழியே நழுவியவை, அறுபது வருஷத்தவை,
ஓட்டை விழாதவை, ஒரே ஓட்டையோடு தப்பியவை,
எந்தச் சட்டையிலும் ஏறாதவை.
அள்ளினான் வாளி வாளியாக.
ஏதெரி அரிதட்டில் கொட்டி அலசினாள்.
ஈரம் காய, கதவைக் கழற்றிக்
குதிரைக்கால் மேல் போட்டுப் பரப்பினோம்.
கேத்தோவின் எழுத்துருக்காரர்கள்
நிறம் பார்த்துப் பிரிக்க உட்கார்ந்தார்கள்.
நுக்ஸார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
குனிந்தார்,
வெகுநேரம் நிமிரவில்லை.
யாரோ ரொட்டி பிய்த்தார்கள்.
யாரும் யாரிடமும்
சத்தம் என்று சொல்லவில்லை.

அளவுநாடாவை எடுத்து
அந்தக் கதவை அளந்தேன்.

மூன்றாவது வரைபடத்தில் ஒரே மேசை,
பதினொரு மீட்டர்.
அடுப்பருகே சலவைக்கல்லாய்த் தொடங்கி
ஜன்னலோரம் மரமாகி
உள்சுவர் இருட்டில் கண்ணாடிப் பேழையாய் முடிவது.
நடுவே கனத்த கம்பளித் திரை ஒன்று,
மதியம் பன்னிரண்டுக்கு இழுக்க, நான்குக்குத் திறக்க.
இழுப்பது யார் என்பது
இன்றுவரை முடிவாகவில்லை.

இழுத்திருந்தால் அந்தப் புதன்கிழமை
தார்ஹூன் இலை மிதந்த சூப்
நுக்ஸாரின் வெள்ளைச் சுவர் வரை பறந்திருக்காது.
ஏதெரி துடைக்கப் போனாள்.
அவர் தடுத்தார்.
மன்னித்துவிட்டார் என்று நினைத்தேன்.
காப்பீட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

கடைசித் தவணைப் பணம் வரவில்லை.
ஏதெரி தன் பங்கை ஹின்காலியில் அடைக்கிறாள்,
வாரம் பன்னிரண்டு.
கேத்தோ தூணோரம் ஒரு நாற்காலி தந்தாள்.
நுக்ஸார் தந்தது ஒரு சின்ன ஓவியம்,
மழையில் மூன்று கழுதை.
வீட்டில் சுவரில்லை, இங்கேயே தொங்குகிறது.

அதனால் இப்போது
மற்றவர்களுக்கென்று நான் வரைந்த இடத்தில்
தின்று, வரைந்து, பார்த்து
உட்கார்ந்திருக்கிறேன்.
உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது:
அடுப்புக்கு மேலிருக்கும் புகைக்கூண்டின் விளக்கு
கழுதை ஓவியத்தின் கண்ணாடியில் விழுந்து
நடுக்கழுதைக்குத் தலையில்லை.

காகித விரிப்பின் ஓரத்தில்,
எண்ணெய்ப் பொட்டைத் தாண்டி,
விளக்கை இருபது சென்டிமீட்டர்
இடப்பக்கம் நகர்த்துகிறேன்.
ஏதெரி தட்டை வைக்கிறாள், கோட்டின் மேலேயே.
எண்ணிப் பார், என்கிறாள்,
பத்தொன்பது.