ஒன்றரை மடங்கு

இல்ஹாம் கட்டாருக்குப் போகிறான்.
விற்பதற்கு அவனிடம் ஐந்து லென்ஸ்.
கிண்ணியாப் பாலத்தில் பஸ் குலுக்கும் என்று
எல்லாவற்றையும் துவாயில் சுற்றி
மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தானாம்.

என்னிடம் இரண்டுக்குத்தான் காசு.
இழுத்துப் பிடித்தால் இரண்டரைக்கு.
லென்ஸில் அரை என்று ஒன்று கிடையாது.

என் கமராவின் சென்சர் சிறியது.
எதை மாட்டினாலும்
ஓரங்களை நறுக்கிவிட்டு நடுவைத்தான் தரும்.
முப்பத்தைந்தை மாட்டினால் ஐம்பதென்று நடிக்கும்.
ஐம்பதை மாட்டினால்
முகம் போதும், தோள் எதற்கு என்று கேட்கும்.
ஒன்றரை மடங்கு:
வாங்கும்போது மறந்துபோய்
முதுகு சுவரில் முட்டும்போது
நினைவுக்கு வருகிற கணக்கு.

போன மாதம் ஒரு சாமத்திய வீடு.
அறை பத்தடி.
ஆலாத்தித் தட்டோடு ஏழு பேர்.
ஏழாவது மாமி பாதிதான் படத்தில் வந்தார்.
வராத பாதி
இன்னும் என்னோடு கதைப்பதில்லை.

"ஒருநாள் வச்சுப் பாருங்க அக்கா" என்றான்.
பார்த்தேன்.

முதலில் நீளமானது.
எழுபதிலிருந்து முந்நூறு வரை.
உள்துறைமுக வீதியில் அதை உயர்த்திய உடனே
சைக்கிளில் போன கடற்படைக்காரர்
ஒரு காலை ஊன்றி நின்றார்.
என்ன எடுக்கிறீங்க?
கொக்கு.
அவர் லென்ஸைப் பார்த்தார்.
கொக்கு நின்ற இடத்தைப் பார்த்தார்.
அது அப்போதுதான் பறந்திருந்தது.
இந்த ஊரில்
தூரத்தைக் கிட்டக் கொண்டுவரும் எதற்கும்
ஒரு சாட்சி தேவை.

கோட்டை வாசல் மான்களுக்கு நீளமே வேண்டாம்.
ஒன்று வந்து லென்ஸ் மூடியை மோந்து பார்த்தது.
வாழைப்பழத் தோல் இல்லையென்று தெரிந்ததும்
என்னை விட்டது.
ஐம்பதோடு நான்தான் பின்னால் பின்னால் போய்
ஓர் ஓட்டோக்காரரிடம் ஏச்சு வாங்கினேன்.

நான்காவதின் உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்தேன்.
நூல்நூலாய்ப் பூஞ்சணம்.
இல்ஹாம் வெயிலில் வைத்தானாம்,
அரிசிப் பெட்டிக்குள் புதைத்தானாம்.
உப்புக் காற்று வாடகை இல்லாமல் குடியேறினால்
எழுப்புவது கஷ்டம்.
அதையும் ஒரு படம் எடுத்தேன்.
குடாக்கடல் முழுக்கப் பனி பெய்தது,
திருகோணமலையில், வைகாசி மாதத்தில்.
வைத்துக்கொள்ள ஆசைதான்.

திருக்கடலூரில் கரைவலை இழுத்தார்கள்.
பதினெட்டுப் பேர்.
பதினாறு மில்லிமீற்றரில் எல்லோரும் வந்தார்கள்,
ஒருவருடைய முகமும் வரவில்லை.
முப்பத்தைந்தை மாட்டிக் கிட்டப் போனேன்.
ஒரு மனிதரின் முழங்கை,
தோலில் காய்ந்த உப்பு,
இறுகிய கயிறு.
கயிறு சட்டத்தைத் தாண்டி வெளியே போகிறது.
அது தளரவில்லை.
ஆகவே வெளியே ஆட்கள் இருக்கிறார்கள்.

பின்னேரம் காசை எண்ணிக் கொடுத்தேன்.
பதினாறு, வயிற்றுக்கு.
ஏழு மாமிமாரும் இனி முழுசாய் வருவார்கள்.
முப்பத்தைந்து எனக்கு.
இல்ஹாம் மற்ற மூன்றையும் சுற்றினான்.
நீளமானதை மட்டும் ஒருமுறை அவிழ்த்து
என் பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பச் சுற்றினான்.
"யோசிச்சுச் சொல்லுங்க, வியாழக்கிழமை ஃபிளைட்."

யோசிக்கத்தான் கோணேசர் மலைக்கு ஏறினேன்.
மேலே ஒரே சத்தம்.
அங்க, அங்க! இல்லை, அதுக்கு இடப்பக்கம்!
ஒரு குழந்தையைத் தோளில் தூக்கினார்கள்.
என் கையில் முப்பத்தைந்து.
தூரத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.
என்றாலும் எடுத்தேன்.

இரவு கணினியில் பெரிதாக்கினேன்.
நீட்டிய விரல்கள் ஒன்பது,
ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம்.
நிறையக் கடல்.
அதில் ஒரு கரும்புள்ளி,
திமிங்கிலம்.
அல்லது சென்சரில் தூசி.
திரையை ஒருமுறை ஊதிப் பார்த்தேன்.
போகவில்லை.