எண்பத்தேழில் ஒரு பங்கு

பகலில் நான் பல் செய்கிறவள்.
தண்டர் பேயில், மருந்துக்கடைக்கு மேலே
ஓர் ஆய்வுகூடம்.
யாரென்று தெரியாத வாய்களின் அச்சுகள்
பெயர்ச்சீட்டோடு வந்து சேரும்.
அந்த வாய்கள் என்ன பேசின என்பது
அச்சில் விழுவதில்லை.

இரவில் நிலவறையில்
தானியக் களஞ்சியம் கட்டுகிறேன்.
ஏரிக்கரையில் கைவிடப்பட்டு நிற்கிறதே,
கான்கிரீட் உருளைகளாய், அது.
அங்கே எண்பத்தேழு அடி
இங்கே ஓர் அடி.
தண்ணீர்க் குழாயை அறுத்து இருபத்திரண்டு உருளைகள்.
துருவுக்கு நிஜத் துரு:
உப்புத் தின்ற எங்கள் காரின் கதவடியில்
சுரண்டி எடுத்த தூள்.
பனிக்கு, வேலையில் மிஞ்சிய பல்சாந்து,
தேநீர் வடியில் மூன்று தரம் சலித்து.

கான்கிரீட்டின் நிறம்தான்
மூன்று மாதமாகப் பிடிபடவில்லை.
சாம்பல் என்று நம்பிச் சாம்பல் பூசினேன்,
பொம்மையாகிவிட்டது.
ஒரு பிப்ரவரி மாலை
பல் நிற அட்டையைக் காரில் கொண்டுபோய்
சன்னலை இறக்கி, களஞ்சியத்துக்கு நேரே பிடித்தேன்.
ஏ மூன்றரை.
நாற்பது வருடம் புகைத்தவரின் கோரைப்பல்.
மைனஸ் இருபத்தெட்டில்
தனியே உட்கார்ந்து சிரித்தேன்.
சிரித்த மூச்சு முன்கண்ணாடியில்
உறைந்து ஒட்டிக்கொண்டது.

தயாபரன் ஏன் என்று கேட்பதில்லை.
எப்போது முடியும் என்றுதான் கேட்பார்.
சலவை இயந்திரத்துக்குப் போக
அவருக்கு வழி வேண்டும்.
சரக்கு ரயிலுக்கும் வேண்டுமே என்பேன்.
உடுப்புக் கூடையைத் தலைக்கு மேல் தூக்கி
பக்கவாட்டாய், நண்டுபோல,
என் நகரத்தைக் கடந்துபோவார்.

அப்புறம் ஏரி.
ரெசினைக் கலந்து
கை நடுங்காமல் ஊற்றினேன்.
சுப்பீரியர், ஒரு முழம்.
விடிந்து பார்த்தால்
துறைக்குப் பக்கத்தில் ஒரு குமிழி,
எந்த ஊசிக்கும் எட்டாத ஆழத்தில்.
ஒரு வாரம் நிலவறைக்கு இறங்கவில்லை.
அழுக்குடுப்பு சேர்ந்தது.

படம் எடுக்கத்தான் மறுபடி போனேன்.
கேமராவுக்கு அடியில் இரண்டு கிலோ அரிசிப் பை.
மேசை விளக்குக்கு
ஆரஞ்சு மிட்டாய்த் தாள் சுற்றியதும்
டிசம்பர், மாலை நாலரை மணி.
லென்ஸுக்கு இரக்கம் கிடையாது.
கூரைமேல் என் பெருவிரல் ரேகை
உழுத வயலாய்க் கிடந்தது.
தண்டவாளத்தின் குறுக்கே அறுந்து விழுந்த மின்கம்பி
என் தலைமுடி. அதுவும் நரைத்தது.
ஆனால் குமிழி...
பனிக்கட்டிக்கு அடியில் யாரோ
இப்போதுதான் மூச்சு விட்டமாதிரி.
அதை மட்டும்
பதினேழு படம் எடுத்தேன்.

ஐலியிடம் காட்டினேன். பக்கத்து மேசைக்காரி,
கடைவாய்ப் பல்லில் கெட்டி.
"எப்போ போனே? அங்கே வேலி போட்டுப்
பூட்டியிருக்கிறார்களே?"
போனேன் என்று சொல்லவில்லை.
போகவில்லை என்றும் சொல்லவில்லை.
ஒரு மெழுகுப் பல்லை எடுத்து
வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை
வேலிக்கு வெளியே, நிஜத்துக்கு எதிரே, நின்றேன்.
துரு கொஞ்சம் அதிகம்.
மூன்றாவது உருளையின் வெடிப்பு
நம்பும்படி இல்லை.
மிஞ்சிய பனியை யாரோ அவசரத்தில்
சலிக்காமல் கொட்டியிருக்கிறார்கள்.
ஏரியும் சும்மா இல்லை, அசைந்துகொண்டே இருந்தது.
இத்தனை அசைந்தால் யார் படம் எடுப்பது?

ஒரு கடற்காகம் வந்து
உச்சி விளிம்பில் உட்கார்ந்தது.
அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.
கையுறையைக் கழற்றி
பழைய ரசீதின் முதுகில் எழுதினேன்:
நீளம், ஏழு மில்லிமீட்டர்.
அலகு, மஞ்சள்.
என் அட்டையில் எந்தப் பல்லுக்கும்
இல்லாத மஞ்சள்.