நீக்கப்பட்டனர்

இரவு பதினொன்றே கால். ஔலுவில் மைனஸ் இருபத்தொன்று.
செய்தி மேசையில் நானும்
ஆறிப்போன காபியும்.

கெமி துறைமுகக் கிடங்கில்
ஷிப்ட் போடும் மென்பொருள் ஒன்று
பதினான்கு பேருக்கு, விடியுமுன்,
வேலை முடிந்தது என்று கடிதம் அனுப்பியிருக்கிறது.
பக்கத்து ஊர்ச் சமாச்சாரம்.
உலகத்தைச் சுற்றிவிட்டு எங்களிடமே வந்து நிற்கிறது.

லண்டன் பிரதியில் அது விழித்துக்கொண்டது.
பதினான்கு பேரை விழுங்கியது.
கூடவே ஒரு படம், நீல வெளிச்சத்தில் உலோகக் கை.
கெமியில் கை ஏதும் கிடையாது.
ஓர் இரும்பு அலமாரி, உள்ளே மின்விசிறி இரைச்சல்.

சாவோ பாவ்லோவில் அது பெண்.
அறிவு அங்கே பெண்பாற் சொல், வேறு வழியில்லை.
"அவள் தீர்மானித்தாள்" என்று எழுதிவிட்டு
சாப்பிடப் போயிருப்பார்கள்.

டோக்கியோ பிரதியில் உதவியாளர் ஒருவர் தடுமாறினார்,
மூன்றாம் பத்தியில் நிறுவனம் வருந்தியது.
இங்கே யாரும் வருந்தி நான் பார்க்கவில்லை.

ரெய்க்யவிக்கைப் பற்றி என்ன சொல்ல.
கணினிக்கே 'எண்ணால் குறிசொல்பவள்' என்று பெயர் வைத்தவர்கள்.
குறி பலித்தது என்றால் போதும்.

எங்கள் மொழியிலோ
பொய்ப்பல்லுக்குப் போடும் முன்னொட்டுதான் அதற்கும்.
ராத்திரி கழற்றித் தம்ளரில் போட்டு வைக்கலாம்
என்பது மாதிரி ஓர் அறிவு.
அந்த முன்னொட்டைத் தனியே நிறுத்தினால்
'செய்கை' என்று பொருள்.
யாருடையது என்று சொல்லாது.

நான் எழுதினேன்: பதினான்கு பேர் நீக்கப்பட்டனர்.

ஃபின்னிஷில் இந்த வினை ஒரு மாதிரியானது.
செய்தவர் பெயரை மறைக்கும்,
ஆனால் செய்தவர் மனிதராக இருந்தே ஆகவேண்டும்.
காற்றில் சாய்ந்த மரத்துக்கு இது பொருந்தாது.
கோடரி ஓங்கிய ஒரு தோள் வேண்டும்.

பன்னிரண்டுக்குத் தொலைபேசி.
தைமி லொஹினிவா. பட்டியலில் ஒன்பதாவது.
பத்தொன்பது வருடம் ஃபோர்க்லிஃப்ட்.
"அதுதான் செய்ததாம்," என்றாள்.
பேச்சில் நாங்கள் எல்லாரையும் 'அது' என்போம்,
மருமகன், மந்திரி, நாய்.
"எது?" என்றேன்.
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
"நாங்கள் நூற்று நாற்பது பேர்.
பதினான்கு என்றால் சரியாகப் பத்து சதவீதம்.
யாரோ கேட்டு வாங்கிய கணக்கு மாதிரி இல்லை?"

அச்சுக்கு இருபது நிமிடம்.
உலோகக் கையை எடுத்தேன்.
அந்த இடத்தில் கிடங்கின் பக்கவாசல்,
படியில் அள்ளாத பனி.
தலைப்பைத் தொடவில்லை.
கடைசியில் ஒரு வரி சேர்த்தேன், அதே வினையில்:

நிர்வாகத்தை ஆறு முறை அழைத்தோம்.
தொலைபேசி எடுக்கப்படவில்லை.